வட்டமிட்ட முப்பத்தெட்டு

ஹெப்சிபாவை முதன்முதலில் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது பொய்ப் பத்திரம் எழுதியது போலாகும். நான் முப்பத்தைந்து வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். பெயர் குமரகுருபரன். திருநெல்வேலி ஜங்ஷனை ஒட்டிய சிந்துபூந்துறையில் வீடு. சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், கிழவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திய எத்தனையோ அன்பான கைகளைப் பார்த்திருக்கிறேன். பெரியவரைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, வெளுத்த வேட்டி உடுத்தி, ரிக்‌ஷாவில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கையெழுத்து ஆன பிறகு அவர் நடந்து போவார். அதனால் வயதானவர்களிடம் யாராவது காரணமில்லாமல் பிரியமாக இருந்தால் எனக்கு மூக்கு வியர்த்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் பாபநாசம் பிள்ளை அண்ணாச்சி. ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்பது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம் அவர் மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். ஒரே மகன் மகேஷ் மெட்ராஸில் அம்பத்தூர்ப் பக்கம் வேலையில் இருந்தான். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று மூன்று தடவை வந்தான். மூன்று தடவையும் வெறுங்கையோடு ரயிலேறினான். இந்த வீட்டை விட்டு நான் நடந்து வெளியே போவதாக இல்லை என்று அண்ணாச்சி முடிவாகச் சொல்லிவிட்டார். மாடியில் மூன்றாவது தளத்தில், கதவைத் திறந்தால் இன்னொருவன் கதவு தெரிகிற வீட்டில் தன்னால் ஒரு வாரம்கூட உயிரோடு இருக்க முடியாது என்பார். கடைசியில் மகேஷ் ஒரு நிபந்தனை போட்டான். உடம்பு நன்றாக இருக்கும்வரை இங்கே இருக்கலாம்; கொஞ்சம் தளர்ந்தாலும் பேச்சே கிடையாது, கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அப்படிச் சொல்லிவிட்டு என்னிடம் வந்து, சித்தப்பா, நீங்கள் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். நான் இரண்டு கண்களையும் வைத்தேன்.

அந்த ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, குட்டையான ஒரு அம்மாள் கறுப்புக் குடையும் துணிப்பையுமாக வந்து அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினார். என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு வாசலும், ஜன்னல் வழியாகக் கூடமும் தெரியும். தெரு அவ்வளவு குறுகல். தட்டிவிட்டு அந்த அம்மாள் கதவோடு ஒட்டி நின்றார். உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. அண்ணாச்சி வந்து தாழ்ப்பாளை நீக்கியதும் உதடு நின்றுவிட்டது. ஏதோ மந்திரமா, ஜெபமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் நல்லதில்லை என்று முடிவு செய்தேன்.

போன பிறகு விசாரித்தேன். பெயர் ஹெப்சிபா என்றும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும், தனியாக இருக்கிற வயதானவர்களை வாரம் ஒரு தடவை வந்து பார்ப்பது அவருடைய வழக்கம் என்றும் அண்ணாச்சி சொன்னார். ஓய்வூதியர் சங்கத்தில் இவருடைய முகவரி கிடைத்ததாம். எந்த ஸ்தாபனம் என்று கேட்டேன். ஸ்தாபனம் எதுவும் இல்லையாம். ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறாரா என்றேன். இல்லையாம். பையில் வேதாகமம் இருந்ததா என்றேன். அதுவும் இல்லையாம். வேதாகமம் இருந்திருந்தால்கூட வந்த காரியம் இன்னதென்று விளங்கியிருக்கும். ஒன்றுமே இல்லாமல் ஒருத்தர் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு கிழவருக்கு நகம் வெட்டிவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார் என்றால் நம்புகிற காரியமா?

என் மனைவி ராஜேஸ்வரி நம்பினாள். அவள் எதையும் நம்புவாள். எடை குறைத்துப் போடுகிற காய்கறிக்காரனைக்கூட, பாவம், தராசு பழசு என்பாள். “அந்தம்மா வந்துட்டுப் போற அன்னைக்கு அண்ணாச்சி நல்லாச் சாப்பிடுதாவ. அது போதாதா?” என்று கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடுவேனா? பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த தேவசிகாமணி என்ற ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் இருந்தார். ஹெப்சிபா இருக்கிற சமாதானபுரம்தான் அவருக்கும். அவரிடம் நைச்சியமாகப் பேச்சுக் கொடுத்து எல்லாவற்றையும் கறந்தேன். ஹெப்சிபாவின் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் சீக்கிரம் போய்விட, இருபது வயதில் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தவர், ஐம்பத்தெட்டு வயது வரை காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊருக்கெல்லாம் ட்ரங்க் கால் போட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்துக் கல்யாணம் செய்து வைத்தார். தனக்கென்று செய்துகொள்ளவில்லை. ஒரு தம்பி தூத்துக்குடியில், இன்னொரு தம்பி துபாயில். வீடு சொந்த வீடு. கடன் கிடையாது. வம்பு வழக்குக் கிடையாது. தேவசிகாமணி சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. வில்லங்கமே இல்லாத சொத்து என்று யாராவது கொண்டு வந்தால் நான் இரண்டு மடங்கு கவனமாகப் படிப்பேன். ஆளுக்கும் அதே நியாயம்தானே.

ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. வியாழக்கிழமை தவறாது. மழை பெய்தால் சேலை முழங்கால்வரை நனைந்து வருவார். ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டுவார், உதடு அசைய நிற்பார், கதவு திறந்ததும் உள்ளே போவதற்கு முன்னால் பையிலிருந்து நீளமான ஒரு சின்ன நோட்டை எடுத்து எதையோ குறித்துக்கொள்வார். அந்த நோட்டுத்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

தொண்ணூற்றைந்து மாசி மாதத்தில் ஒரு நாள் அது கையில் சிக்கியது. ரயில் நேரம் கேட்கிற சாக்கில் நான் உள்ளே போயிருந்தேன். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்திருந்தார். ஹெப்சிபா புறவாசலில் கூஜாவைக் கழுவிக்கொண்டிருந்தார். நோட்டு நாற்காலியின் மேல் பைக்கு வெளியே கிடந்தது. நான் எடுத்துப் புரட்டினேன். அதற்காக அப்போது வெட்கப்படவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு பெயர். பேட்டை பூதத்தான் என்று ஒரு பக்கம், மேலப்பாளையம் மைதீன் பாத்திமா என்று ஒரு பக்கம். அண்ணாச்சி பெயருக்குக் கீழே வரிசையாக நம்பர்கள் மட்டும். 26, 28, 27, 31, 30, 33. கடைசியாக 38. அந்த முப்பத்தெட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. ராதாபுரத்தில் பாபநாசம் பிள்ளைக்குப் பூர்வீகமாகக் கொஞ்சம் புன்செய் உண்டு. நாலைந்து பனையைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை எழுதியவன் நான். அவர் பங்குக்கு வந்தது சர்வே நம்பர் முப்பத்தெட்டு. என் கையால் எழுதிய நம்பர் எனக்கு மறக்குமா? மற்ற நம்பர்கள் பக்கத்து நிலங்கள் என்று ஒரு நிமிஷத்தில் கணக்குப் போட்டுவிட்டேன். பூதத்தானுக்கும் மைதீன் பாத்திமாவுக்கும் எங்கே என்ன நிலம் இருக்கிறதோ என்று அவர்களுக்காகவும் கவலைப்பட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நடந்ததைப் பார்த்த பிறகு சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. மூன்று மணிக்கே அண்ணாச்சி முகம் கழுவி, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி உடுத்தி, கூடத்து நாற்காலியைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையைத் தாழ்ப்பாளில் வைத்தபடியே ஒரு மணி நேரம் காத்திருந்தார். அந்த அம்மாள் தட்டினாரோ இல்லையோ, கதவு பட்டென்று திறந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படியே. இந்த வயதில் ஒரு மனுஷரை இப்படி மயக்கி வைத்திருக்கிறாளே என்று நான் கொதித்தேன். ராஜேஸ்வரி அதைக் கேட்டுச் சிரித்தாள். நான் அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

அன்றைக்கே மகேஷுக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். பத்திரம் எழுதுகிற கை அல்லவா, ஒரு ஓட்டை விடாமல் எழுதினேன். மேற்படி ஹெப்சிபா என்பவர் மேற்படி உங்கள் தகப்பனாரைத் தன் வசப்படுத்தி, மேற்படி சொத்தின் சர்வே எண்ணைத் தன் குறிப்பில் வட்டமிட்டு வைத்திருப்பதை நான் நேரில் பார்த்தேன் என்று. அடுத்த வியாழக்கிழமை காலை நெல்லை எக்ஸ்பிரஸில் அவன் வந்து இறங்கினான்.

நாலு மணிக்குக் கதவு தட்டப்பட்டபோது மகேஷ்தான் திறந்தான். நான் கூடத்தில் நின்றேன். அண்ணாச்சி தன் நாற்காலியில் இருந்தார். மகேஷ் மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். நோட்டைக் கேட்டான். ஹெப்சிபா உடனே எடுத்துக் கொடுத்தார். அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பி, இந்த நம்பரெல்லாம் என்ன என்று கேட்டான். வட்டமிட்ட முப்பத்தெட்டுக்குப் பிறகு 4, 3 என்று இரண்டு நம்பர்கள் புதிதாக ஏறியிருந்தன. அவை என்ன நிலம் என்று நான் யோசித்தேன்.

ஹெப்சிபா அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ரயில் வருமா வராதா என்று பார்க்கிறவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது எனக்கும் கார்டு சாருக்கும் உள்ள கணக்கு தம்பி. அதால உங்களுக்கு ஒரு சேதமும் வராது” என்றார் ஹெப்சிபா.

இதைவிடச் சந்தேகமான பதிலை நான் என் ஆயுசில் கேட்டதில்லை. மகேஷ் அப்பாவிடம் திரும்பி, நீங்களாவது சொல்லுங்கள் என்றான். அவர் வாயைத் திறக்கவில்லை. முகம் மட்டும் சிறுத்துப் போயிருந்தது. குட்டு வெளிப்பட்ட வெட்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மகேஷுக்குப் பொறுமை போய்விட்டது. அந்தத் தாளை நோட்டிலிருந்து கிழித்து என் கையில் கொடுத்து, சித்தப்பா, இதை வைத்துப் பதிவு ஏதாவது நடந்திருக்கிறதா என்று பாருங்கள் என்றான். தனியாக இருக்கிற கிழவர்களைத் தேடிப் பிடித்துத் திருடுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் நேரில் பார்க்கிறேன் என்று ஹெப்சிபாவின் முகத்துக்கு நேரே சொன்னான். இனிமேல் இந்த வாசலை மிதிக்க வேண்டாம் என்றான்.

ஹெப்சிபா நோட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். கண் கலங்கவில்லை. கோபமும் படவில்லை. எனக்கு அது கல்லுளிமங்கத்தனமாகத் தெரிந்தது. வாசற்படியில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

“சரி தம்பி, வரல. ஒண்ணே ஒண்ணு. தினம் யாராவது கதவத் தட்டணும். தட்டிட்டு, அவரு வந்து தெறக்குத வரைக்கும் நிக்கணும்.”

“எதுத்த வீட்டுலதான் நான் இருக்கேன். எனக்கு நீங்க சொல்லித்தர வேண்டாம்” என்றேன் நான்.

மகேஷ் ஊருக்குப் போகும்போது அந்தப் பொறுப்பை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போனான். நான் மறுநாளே ராதாபுரத்துக்குப் பஸ் ஏறி, அங்குள்ள பதிவு ஆபீஸில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் பதிவு செய்யவில்லை, நல்லவேளை முந்திக்கொண்டோம் என்று மகேஷுக்கு எழுதினேன். கிழித்த தாளைச் சாட்சியாக இருக்கட்டும் என்று என் பைலில் போட்டு வைத்தேன். தினம் கதவைத் தட்டுவதுதான் எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. என் ஜன்னலில் நின்றால் கூடம் தெரிகிறது. காலையில் ஒரு தடவை எட்டிப் பார்த்தால் போதாதா? அண்ணாச்சி நடமாடுகிறாரா, அவ்வளவுதானே வேண்டும். அவரும் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டார். வியாழக்கிழமைகளில் நாற்காலி கதவுக்குப் பின்னால் போவது நின்றுபோயிற்று.

வைகாசியில் பேட்டையில் என் மைத்துனர் மகள் சித்ரலேகாவுக்குக் கல்யாணம். நானும் ராஜேஸ்வரியும் காலை ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டுக் கூடத்தில் ஆள் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. குளித்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இன்னும் கொஞ்சம் நின்று பாருங்களேன் என்றாள் ராஜேஸ்வரி. பஸ் போயிரும் என்றேன். பத்து எண்ணுகிற நேரம்கூட நான் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

கல்யாணத்தில் நல்ல சாப்பாடு. மத்தியானம் அங்கேயே கொஞ்சம் கண்ணயர்ந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்குத் திரும்பி வந்தபோது அண்ணாச்சி வீட்டு வாசலில் காலைப் பேப்பர் அப்படியே கிடந்தது. உள்ளே விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ராஜேஸ்வரிதான் முதலில் பார்த்தாள். என் கையைப் பிடித்து அந்தக் கதவுப் பக்கம் இழுத்தாள். தெருமுனையில் சைக்கிள் கடை வைத்திருக்கிற கருத்தையா கம்பியோடு ஓடி வந்து தாழ்ப்பாளை நெம்பினான். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. பின்னால் அண்ணாச்சி கிடந்தார்.

உயிர் இருந்தது. விடியற்காலையில் உள்ளறைக் கட்டிலிலிருந்து எழுந்தபோது விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டிலுக்கும் கதவுக்கும் இருபது அடி இருக்கும். அந்த இருபது அடியையும் கையால் ஊன்றி இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். உதடு வெடித்திருந்தது. ராஜேஸ்வரி வாயில் தண்ணீர் விட்டதும் என்னைத்தான் பார்த்தார்.

“நீரு தட்டுனது கேட்டுச்சு வே. வந்துக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றார்.

இந்த வார்த்தையை நான் எத்தனையோ இடத்தில் வைத்து யோசித்துப் பார்த்துவிட்டேன். அதில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. தாமதத்துக்குச் சமாதானம் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் அவருக்குப் பேசத் தெம்பு வந்தது. மகேஷ் மருந்து வாங்கப் போயிருந்தான். அண்ணாச்சி என்னைக் கிட்டே வரச்சொல்லி, அந்தத் தாள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

“அது சர்வே நம்பரும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல வே. தட்டுன பொறவு நான் வந்து தெறக்க எம்புட்டு நேரம் ஆகுதுன்னு அந்தம்மா எண்ணுவா. நாப்பது தாண்டுச்சுன்னா மகேஷுக்கு எழுதியாகணும்னு மொதல்லயே சொல்லிட்டா. முப்பத்தெட்டு வந்தன்னைக்கு எனக்குப் பயம் புடிச்சிட்டு. அதான் நாற்காலியத் தூக்கிக் கதவுக்குப் பொறத்த போட்டேன்.”

கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் எல்லாம் சரியாக வந்தது. உதடு அசைந்தது எண்ணுவதற்கு. ஏறிக்கொண்டே போன நம்பர்கள் அவருடைய கால்கள். ராதாபுரத்துப் பனங்காட்டுக்கும் அந்த முப்பத்தெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அப்படியானால் அன்றைக்கு மகேஷ் கேட்டபோது ஏன் அண்ணாச்சி வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை.

“சொன்னா அன்னைக்கே ரயிலேத்திருப்பாம்லா. அந்தம்மாவுக்கு அது தெரியும். எனக்காவத்தான் திருடிங்கிற பேர வாங்கிக்கிட்டுப் போனா. நானும் போக விட்டுட்டேன் வே.” அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்க முடியவில்லை. நான் துடைத்துவிட்டேன்.

ஆனிக் கடைசியில் மகேஷ் அவரை ஸ்ட்ரெச்சரில் ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போனான். தான் நடந்து வெளியே போவதாக இல்லை என்று சொன்னவர், சொன்னபடியே போனார். அதற்குப் பிறகு சிந்துபூந்துறைக்கு அவர் வரவில்லை.

அவர் ரயிலேறியதற்கு மறுநாள் வியாழக்கிழமை. கிழித்த தாளை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சமாதானபுரம் போனேன். வழி முழுவதும் என்ன சொல்வது என்று மனதுக்குள் எழுதி எழுதிக் கிழித்தேன். மேற்படி, மேற்படி என்றுதான் வந்தது. ஓட்டு வீடு. முன்னால் ஒரு அரளிச் செடி. கதவைத் தட்டினேன். உள்ளே சத்தம் இல்லை. வீட்டில் ஆள் இல்லை போலிருக்கிறது, இன்னொரு நாள் வரலாம் என்று காலைத் திருப்பினேன். உண்மையைச் சொன்னால் தப்பித்தோம் என்றுகூட இருந்தது. அப்போதுதான் நெஞ்சில் அடித்த மாதிரி ஞாபகம் வந்தது. திரும்பி நின்றேன். எண்ண ஆரம்பித்தேன். இருபதில் உள்ளே ஏதோ உரசியது. முப்பதில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். நாற்பத்து நாலில் கதவு திறந்தது.

ஹெப்சிபா ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது முழங்கால் வீங்கியிருந்தது. வெறும் கையோடு, குடையும் பையும் இல்லாமல் அவரை அப்போதுதான் பார்த்தேன். வயதாகிவிட்டது என்று தெரிந்தது. என்னைக் கண்டதும் முகம் இறுகியது. “மகேஷ் தம்பி அனுப்பிச்சாரா?” என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. என் கையை, சட்டைப்பையை, எனக்குப் பின்னால் தெருவை என்று எல்லாவற்றையும் பார்த்தார். யாராவது காரணமில்லாமல் வந்து நின்றால் நான் பார்க்கிற அதே பார்வை. அது எவ்வளவு கூசும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தாளை நீட்டினேன். தப்புச் செய்துவிட்டேன் என்று மட்டும் சொல்ல வந்தது. அவர் வாங்கி, கார்டு சார் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நான் தட்டிவிட்டு நிற்காமல் போனதையும் மறைக்காமல் சொன்னேன். அந்த இடத்தில் அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

அவர் சொன்னது இதுதான். தொண்ணூற்றிரண்டு ஐப்பசியில் ஆறு பெருகி வந்தபோது அவர் ஓய்வு பெற்று ஐந்து மாதம். சர்ச் ஆட்களோடு சேர்ந்து ஆற்றங்கரைத் தெருக்களில் வீடு வீடாகத் தட்டி, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு வீட்டில் தட்டினார். பத்து எண்ணினார். எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷத்துக்கு மேலாக அதுதான் பழக்கம். மணி பத்துத் தடவை அடித்தும் எடுக்கவில்லை என்றால் நோ ரிப்ளை என்று சொல்லி இணைப்பைப் பிடுங்கிவிடுவார்கள். வாய் தானாகவே நோ ரிப்ளை என்று சொல்ல, கூட வந்தவர்கள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அந்த வீட்டில் மாரிக்கண்ணு என்ற வயதான அம்மாளைக் கதவுக்குப் பின்னால்தான் கண்டெடுத்தார்கள்.

“பத்துக்குள்ள வந்து தெறக்க அவுகளால ஏலாதுன்னு எனக்குத் தெரியல அண்ணாச்சி. யாருக்கு எம்புட்டு நேரம் ஆகும்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டா, அதுவரைக்கும் நிக்கலாம்லா. அதுக்குத்தான் எண்ண ஆரம்பிச்சேன்.”

சொல்லிவிட்டு அந்தத் தாளைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தெட்டுக்குப் பிறகு நாலு, மூன்று என்று வந்ததுமே கார்டு சார் கள்ளாட்டம் ஆடுகிறார் என்று தெரிந்துவிட்டதாம். சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை போய்த் தட்டிப் பார்க்க நினைத்திருந்தாராம். அதற்குள் நாங்கள் தடுத்துவிட்டோம்.

பேட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் போய் ஒரு மாதமாகிவிட்டது, முழங்கால் விடவில்லை என்றும் சொன்னார். நோட்டைக் கொடுங்கள், நான் போய் வருகிறேன் என்றேன். கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவருடைய சந்தேகம் நியாயமானது. நான் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு மறுபடியும் போனேன். தட்டினேன். மூன்று எண்ணுவதற்குள் கதவு திறந்தது. ஹெப்சிபா முகத்தில் ஒரு வெற்றி தெரிந்தது. முழங்கால் இப்போது ரொம்பத் தேவலை அண்ணாச்சி என்றார். அதற்கடுத்த வாரமும் மூன்றுதான். அன்றைக்குப் பூதத்தான் பக்கத்தையும் மைதீன் பாத்திமா பக்கத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பூதத்தானுக்கு ஐம்பதுவரை நிற்க வேண்டும், பொறுமை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். கிளம்பும்போது கதவுக்குப் பின்னால் தற்செயலாகக் கண் போயிற்று. அங்கே ஒரு நாற்காலி கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

அதற்கடுத்து நான் வியாழக்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில், சொல்லாமல் கொள்ளாமல் போய்த் தட்டினேன். இருபது, முப்பது, நாற்பது என்று போயிற்று. ஐம்பதைத் தாண்டியது. ஐம்பத்தாறில் உள்ளே வெகுதூரத்திலிருந்து அவர் குரல் கேட்டது. “யாரு? வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். போயிராதீங்க.”

“நிக்கேம்மா. பைய வாங்க” என்றேன்.